மாஃபியா தீவும் சான்சிபாரும், ஜனவரி 2027: எந்தக் கரை முதலில்?

#1 கரையோரவாசி

பொங்கலன்று இரவு (ஜனவரி 15, வெள்ளி) சென்னையிலிருந்து புறப்பட்டு, குடியரசு தினத்தன்று வீடு வந்து சேர்வதாகத் திட்டம். இடம் தான்சானியா. மூன்று பேர். நான் நன்றாக நீந்துவேன். மனைவிக்கு நீச்சல் குளத்தில் மட்டும்தான் பழக்கம். மகனுக்கு 10 வயது. மனைவி சுத்த சைவம்.

இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது:

16 முதல் 21 வரை சான்சிபாரின் கிழக்குக் கரையில் பஜே. நடுவில் ஒரு நாள் கிசிம்காசியில் டால்பின் சவாரி.
21 முதல் 25 வரை மாஃபியா தீவு, திமிங்கலச் சுறா பார்க்க.
25 மாலை மாஃபியாவிலிருந்து தார் எஸ் சலாம், அன்றிரவே ஊருக்கு விமானம்.

விடுதி எதற்கும் இன்னும் பணம் கட்டவில்லை. இந்த வரிசை சரிதானா? பஜே குடும்பத்துக்கு ஒத்துவருமா? மனைவியும் மகனும் சுறா இருக்கும் தண்ணீரில் இறங்கலாமா?

#2 நீரோட்டம்

பணம் கட்டாமல் இருந்தது நல்லதாயிற்று. வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். மாஃபியா முதலில், சான்சிபார் பிறகு. காரணம் நிலா.

அந்தக் கரையில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம், சென்னை மெரினா மாதிரி ஒரு மீட்டருக்குள் அடங்குவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய 4 மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. அளவைவிட முக்கியம் நேரம். சான்சிபார் பக்கம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் பிற்பகல் 4 மணி வாக்கில் கடல் நிறைந்திருக்கும், காலை 10 மணி வாக்கில் வற்றிக் கிடக்கும். எந்த மாதமானாலும் ஏறத்தாழ இதே கணக்குதான். அஷ்டமி நாட்களில் தலைகீழ். காலை 10, 11 மணிக்கு நிறைவு, மாலையில் வற்று.

இனி வீட்டுத் தினசரி காலண்டரைப் பாருங்கள். தைப்பூசம் ஜனவரி 22, அன்று பௌர்ணமி. பொங்கலன்று அரைநிலா. ஓதம் நிலாவுக்கு ஒன்றிரண்டு நாள் பின்தங்கியே வரும் என்பதால் 16, 17 தேதிகளில் மிகச் சிறிய ஓதம், 23, 24இல் மிகப் பெரியது.

மாஃபியாவில் பெரும்பாலான விடுதிகள் உட்டெண்டே கரையில், சோலே விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கின்றன. விரிகுடாவுக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே இருக்கும் திறப்புக்குக் கினாசி வாய் என்று பெயர். நல்ல பவளமெல்லாம் அந்த வாயை ஒட்டித்தான். 17 முதல் 20 வரை ஓதம் காலையில் ஏறி, நண்பகலிலிருந்து இரண்டரை மணிக்குள் நிறையும். ஏறும் ஓதத்தில் வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வரும். கால் ஓய்ந்து மிதந்தாலும் ஆள் விரிகுடாவுக்குள்ளேதான் தள்ளப்படுவார். இறங்கும் ஓதத்தில் அதே ஆளை நீர் வெளிக்கடலுக்கு இழுக்கும், தண்ணீரும் கலங்கலாக இருக்கும். குளத்து நீச்சல்காரருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

உங்கள் பழைய வரிசைப்படி 22, 23, 24 காலைகளில் உட்டெண்டேயில் விழித்தால் எதிரே அலையாத்திச் செடிகளும் சேறும்தான். படகு தரைதட்டி நிற்கும். அது மிதக்கும் வரை காத்திருக்க வேண்டும், இல்லை சேற்றில் நடந்து போய் ஏற வேண்டும்.

பஜேக்கும் இதே பாடு. பவளத் தடுப்புக்கு உள்ளே இருக்கும் பரந்த ஆழமில்லாத பகுதி பெரிய ஓதம் வற்றும்போது வெறும் மணலாகிவிடும். நடக்க அழகான இடம்தான். பெண்கள் கடற்பாசி பயிரிடும் வரிசைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஆனால் காலை 8 முதல் 12 வரை குளிக்க வழியில்லை. திருப்பிய வரிசையில் சான்சிபார் நாட்கள் பௌர்ணமியில் விழுவதால் வடமுனைக்குப் போய்விடுங்கள்: நுங்வி அல்லது கெண்ட்வா. அங்கே கரை சட்டென்று ஆழமாவதால் வற்றிலும் குளிக்கலாம்.

மேலே சொன்னதெல்லாம் தோராய நேரம். கிளம்பும் முன் அந்த வார ஓத அட்டவணையை எடுத்து நாள்வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

#3 மன்னார்க்கடல்

நீரோட்டம் சொல்லும் ஓதக் கணக்கு சரி. ஆனால் நிலாவே இல்லாத வானமாக இருந்தாலும் நான் இதே வரிசையைத்தான் சொல்லுவேன். பழைய திட்டத்தின் பெரிய பிழை கடைசி நாள். மாஃபியாவுக்குப் பறப்பவை ஒற்றை எஞ்சின் சிறு விமானங்கள், பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். தாரிலிருந்து பறப்பு அரை மணி நேரம்தான். ஆனால் மழை மேகம் கட்டினாலோ, வேறொரு தீவில் தாமதமானாலோ, நேரம் முன்னும் பின்னும் போகும். அதே நாள் இரவு சர்வதேச விமானம் பிடிக்கிறது ஆபத்தான கணக்கு. இரண்டும் வேறு வேறு பயணச்சீட்டு என்றால் தவறவிட்ட விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மாஃபியா முதலில் வந்தால், தாமதம் வந்தாலும் சான்சிபாரில் ஒரு இரவு குறையும், அவ்வளவே.

காற்றையும் பாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வீசுகிறது வடகிழக்குக் காற்று. நம்முடைய வாடை போன்றது, அங்கே கஸ்காசி என்பார்கள். ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்கிழக்கிலிருந்து குசி. கஸ்காசியில் மாஃபியாவின் மேற்குக் கரை தீவின் மறைவில் இருக்கும். சுறா வருகிற கிலிண்டோனி கடல் அந்தப் பக்கம்தான். காலையில் தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடக்கும், பதினொரு மணிக்குப் பிறகு சிற்றலை எழும். ஆகவே படகு ஏழு மணிக்குக் கரையை விட வேணும்.

#4 பவளத்திட்டு

சுறாவைப் பற்றி. நம் கடலோரத்தில் அம்மணி உளுவை என்று சொல்லும் அதே மீன்தான், சுவாஹிலியில் பொட்வே. மாஃபியாவில் அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கரைக்கு அருகே இரை தேடும். பெரும்பாலும் வளரும் ஆண் சுறாக்கள், 6, 7 மீட்டர் நீளம். இரை, மிகச் சின்ன இறால் வகை. அது எங்கே திரள்கிறதோ அங்கே சுறா. மற்ற மாதங்களிலும் இவை தீவை விட்டு அதிகம் விலகுவதில்லை, ஆழமான பக்கம் போய்விடுகின்றன என்பது ஒலிக்குறி பொருத்திச் செய்த ஆய்வுகளில் தெரிந்தது. கரையோரத்து ஆட்களுக்கு அப்போது கண்ணில் படாது, அவ்வளவே.

எனவே ஜனவரி நல்ல மாதம், ஆனால் உத்தரவாதம் கிடையாது. நான்கு இரவு தங்கினால் முதல் காலையிலேயே சுறாப் படகுக்குப் போங்கள். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு காலை கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்துவிட்டு ஏமாந்து போகிறவர்கள்தான் அதிகம்.

இறங்கும் முறை: படகோட்டி சுறாவின் பாதையை ஊகித்து, முன்னால் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்துவார். எஞ்சின் ஓட்டமில்லா நிலைக்கு வந்ததை உறுதி செய்துகொண்டு, விளிம்பில் உட்கார்ந்து வழுக்கி இறங்க வேண்டும். குதித்தால் சத்தத்தில் சுறா ஆழத்துக்குப் போய்விடும். இறங்கியதும் முகத்தைத் தண்ணீரில் வைத்து, அது கடந்து போகும் வரை அசையாமல் இருந்து, பிறகு பக்கத்துத் துடுப்புக்கு இணையாக நீந்துங்கள். உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் இடைவெளி. வழியை மறிக்கவோ தொடவோ கூடாது, ஃப்ளாஷ் கூடாது. ஒரு சுறாவைச் சுற்றி ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் போகக் கூடாது. வேறு படகு ஏற்கெனவே அங்கே இருந்தால் காத்திருக்கச் சொல்லுங்கள். "போலே போலே" என்றால் மெதுவாக. படகோட்டி அவசரப்பட்டால் அதைச் சொன்னாலே புரிந்துகொள்வார்.

சொதப்புவது எங்கே? சுறாவைத் துரத்துவதில்தான். ஓடும் சுறாவை எந்த மனிதராலும் பிடிக்க முடியாது. இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கி, மூச்சு விட வாயில் கவ்விய குழலில் உப்புத் தண்ணீர் ஏறி, பதற்றம் வரும். இரை தின்னும் சுறாவோ ஓரிடத்திலேயே மெதுவாகச் சுற்றும், சில சமயம் செங்குத்தாக நின்று வாயைத் திறந்து தண்ணீரை உறிஞ்சும். அப்படி ஒன்று கிடைக்கும் வரை படகில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதே நல்ல வழிகாட்டியின் அடையாளம்.

தண்ணீர் நீலமாக, தெளிவாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். இரை நிறைந்த தண்ணீர் பச்சையாக மங்கலாகத்தான் இருக்கும், பல நாள் 5 முதல் 10 மீட்டருக்கு மேல் தெரியாது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஜெல்லிமீன் துணுக்குகளும் இருக்கும், தோலில் சுருக் சுருக்கென்று கடிக்கும். முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை வரும் நீச்சல் காலுடையும் போட்டால் வெயிலும் கடியும் இரண்டும் போகும். சன்ஸ்கிரீனும் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் போதும். அதிலும் ஆக்ஸிபென்சோன் இல்லாத, துத்தநாக ஆக்ஸைடு களிம்பாக வாங்குங்கள்.

கிசிம்காசி சவாரியை எடுத்துவிடுங்கள். அங்கே இருப்பவை அந்தக் கடலையே வீடாகக் கொண்ட சிறு கூட்டங்கள். காலையில் அவை ஓய்வெடுக்கும், குட்டிக்குப் பால் கொடுக்கும். அந்த நேரத்தில் பத்துப் பதினைந்து படகுகள் துரத்தி, நேர் முன்னால் ஆட்களை இறக்குகின்றன. ஓய்வு கெடுவதால் குட்டிகளின் பிழைப்பே கெடுகிறது. நுங்வியிலிருந்து ம்னெம்பா என்ற சிறு தீவின் பவளத்துக்குப் போகும் வழியில் டால்பின் தானாக எதிர்ப்படுவது உண்டு. படகிலிருந்தே பாருங்கள், அது போதும். அதேபோல, குகையிலோ குளத்திலோ கடலாமைகளோடு நீந்தலாம் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். சன்ஸ்கிரீன் பூசிய கைகள் நாள் முழுக்க ஆமை மேல் படுவது அதற்கு நல்லதல்ல. ஆழமில்லாத தண்ணீரில் நட்சத்திர மீனைத் தூக்கிப் படம் எடுக்கச் சொல்வார்கள். மகனிடம் முன்பே சொல்லிவையுங்கள், தண்ணீருக்கு வெளியே எடுத்தால் அதற்கு மூச்சு முட்டும்.

#5 கரையோரவாசி

டால்பின் சவாரியை எடுத்துவிட்டேன். வரிசையையும் மாற்றுகிறேன். மனைவி, மகன் பற்றி யாராவது? முகம் முழுக்க மூடும் புது மாதிரி முகமூடி வாங்கலாமா? மூக்கு வழியாக மூச்சு விடலாம் என்பதால் புதியவர்களுக்கு எளிது என்று கடையில் சொன்னார்கள்.

#6 பவளத்திட்டு

அதை வாங்காதீர்கள். குளத்தில் சுகமாக இருக்கும், கடலில் இரண்டு குறை. உள்ளே தண்ணீர் புகுந்தால் வாயிலிருந்து குழலைத் துப்புவதுபோலச் சட்டென்று கழற்ற முடியாது. மலிவான மாதிரிகளில் விட்ட மூச்சு முழுதும் வெளியேறாமல், வேகமாக நீந்தும்போது தலை கிறுகிறுக்கும். மூக்கையும் கண்ணையும் மட்டும் மூடும் பழைய முகமூடிதான் சரி. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் நின்றால் அளவு சரி. சிறுவர்களின் முகத்துக்கு அங்கே வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் ஒழுகும், மகனுக்கு இங்கிருந்தே கொண்டு போங்கள். மனைவி கண்ணாடி போடுபவரென்றால் பவர் வைத்த முகமூடி கிடைக்கிறது. புது முகமூடியின் உள்கண்ணாடியில் தொழிற்சாலைப் பூச்சு இருக்கும். பற்பசை தேய்த்து இரண்டு மூன்று முறை கழுவாவிட்டால் பனி படர்ந்து ஒன்றும் தெரியாது.

இன்னும் நேரம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் குளத்தில், துடுப்புக் காலணி மாட்டி, குழலோடு நிற்காமல் 200 மீட்டர். அது கைவந்ததும், ஆழமான பக்கத்தில் குழலுக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, ஊதி வெளியேற்றும் பழக்கம். இந்த இரண்டும் வந்தால் மனைவி தாராளமாக இறங்கலாம். மிதவைச் சட்டை போட்டபடியே இறங்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. வளைய மிதவை ஒன்றை வழிகாட்டி இழுத்து வருவார், அதைப் பிடித்தபடியும் பார்க்கலாம்.

மகன் முதல் நாள் விரிகுடாவுக்குள் பவளத்தில் நீந்திப் பார்க்கட்டும். தண்ணீருக்குள் முகம் வைக்கத் தயங்கினால் சுறாப் படகில் மேலேயே இருக்கலாம். சுறா மேற்பரப்பிலேயே மேய்வதால் படகிலிருந்தும் முதுகுப் புள்ளிகள் வரை தெரியும்.

#7 நீரோட்டம்

ஒரு சின்ன மாறுபாடு. பவளத்திட்டு முதல் காலையே சுறா என்றார், மகனுக்கோ முதல் நாள் விரிகுடா என்கிறார். இரண்டும் பொருந்த வழி இருக்கிறது. 17 காலை விமானத்தில் இறங்கினால் அன்று பிற்பகலே விரிகுடா. ஓதம் நிறைந்து ஓயும் நேரம், சின்ன ஓதம் வேறு, தண்ணீர் குளம் மாதிரி இருக்கும். 18 காலை சுறா. உட்டெண்டேயிலிருந்து கிலிண்டோனி தீவின் மறு கரை, சாலையில் அரை மணி நேரம். ஆறரைக்கு வண்டி வரச் சொல்லுங்கள்.

#8 மருந்துப்பெட்டி

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை யாரும் சொல்லவில்லையே. நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் பயணச்சீட்டு மலிவாகக் கிடைக்கும். கென்யா, எத்தியோப்பியா இரண்டும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். சான்றிதழ் இல்லாமல் அவ்வழியே திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. வளைகுடா வழியாகப் போனாலும் போட்டுக்கொள்வதே நல்லது, கடைசி நேரத்தில் வழி மாறலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும், முன்பதிவோடு. அசல் பாஸ்போர்ட் வேண்டும். போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்க. முட்டை ஒவ்வாமையோ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

மலேரியா: சான்சிபாரில் குறைவு. மாஃபியாவிலும் தாரிலும் தடுப்பு மாத்திரை அவசியம். டாக்ஸிசைக்ளின் மலிவு, ஆனால் வெயிலில் தோல் எளிதில் வெந்துபோகும், திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். மெஃப்ளோகுவின் சிலருக்குத் தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும். கடல் பயணத்துக்கு ஏற்றது அட்டோவாகுவோன்-புரோகுவானில். ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, தினமும் ஒன்று, திரும்பி 7 நாள். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும். மகனுக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும், மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். ஊர் திரும்பிய பிறகு சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், "தான்சானியா போய் வந்தோம்" என்பதுதான் மருத்துவரிடம் முதல் வாக்கியம்.

படகு வாந்திக்கு அவோமின் போன்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வரும். தூக்கம் வரும் என்பதால் நீந்தும் நாளில் அதைத் தவிர்த்து, தூக்கம் தராத வேறொன்றை மருத்துவரிடம் கேளுங்கள்.

கடல்முள்ளெலி குத்துவது கிழக்குக் கரையில் தினசரிச் சங்கதி. ரப்பர் அடி உள்ள நீர்க்காலணி மூன்று ஜோடி. குத்திவிட்டால் தாங்கும் அளவு சுடுநீரில் காலை வைத்து, தெரியும் முள்ளை மட்டும் எடுங்கள். தோண்டாதீர்கள், ஒடிந்து உள்ளே போகும்.

#9 அலையாத்தி

காகிதம், பணம், மூட்டை.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா, ஒருவருக்கு 50 டாலர், குழந்தைக்கும் தனி விண்ணப்பம். அரசு இணையதளத்தில் மட்டும் போடுங்கள். தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் தரகர் தளங்கள் முதலில் வரும், கட்டணம் இரண்டு மூன்று மடங்கு. ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

சான்சிபாருக்குத் தனிக் காப்பீடு. 2024 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர் எல்லோரும் சான்சிபார் காப்பீட்டுக் கழகத்திடமிருந்தே வாங்க வேண்டும், பெரியவருக்கு 44 டாலர். ஊரில் எடுத்த பயணக் காப்பீடு இதற்கு மாற்றாகாது. ஆனால் அதையும் விடாதீர்கள், சிறு தீவிலிருந்து நோயாளியைத் தாருக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

மாஃபியா கடல் பூங்கா தான்சானியாவின் முதல் கடல் பூங்கா, 1995இல் அறிவிக்கப்பட்டது, 822 சதுர கிலோமீட்டர். உட்டெண்டே அதற்குள் இருப்பதால் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. வெளிநாட்டுப் பெரியவருக்கு 20 டாலரும் அதன்மேல் 18% வாட் வரியும் என்பதே நெடுநாளாக இருக்கும் கணக்கு. விடுதி விலையில் இது பெரும்பாலும் சேராது. பதிவின்போதே கேளுங்கள். கிலிண்டோனியில் தங்கினால் இந்தக் கட்டணம் மிச்சம், சுறாவும் பக்கத்தில். ஆனால் பவளத்துக்குத் தினமும் இந்தக் கரைக்கு வர வேண்டியிருக்கும்.

கையில் ஷில்லிங். 2025 மார்ச் முதல் உள்நாட்டுச் சேவைகளுக்கு வெளிநாட்டுப் பணத்தில் விலை கேட்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. தாரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், மாஃபியாவின் ஏடிஎம்மை நம்பிப் போகக் கூடாது. டாலர் கொண்டுபோனால் 2013க்குப் பிறகு அச்சான, கிழிசல், பேனா எழுத்து இல்லாத தாள்களாகப் பாருங்கள்.

சிறு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் நுழையாது, துணிப் பைதான் வேண்டும். துடுப்புக் காலணியை வாடகைக்கு எடுத்தால் எடை குறையும். மூன்று சதுர முள் உள்ள பிரிட்டிஷ் வகைப் பிளக் இரண்டு. பிளாஸ்டிக் பையை உள்ளே கொண்டுவரவே 2019 ஜூன் 1 முதல் தடை. ஈரத் துணிக்குத் துணிப்பை வையுங்கள். டிரோனுக்கு முன் அனுமதி வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள். சங்கு, சிப்பி, பவளத்துண்டு எதையும் எடுத்து வர வேண்டாம். விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுப்பார்கள்.

கப்பல்: தாரிலிருந்து சான்சிபாருக்கு விரைவுக் கப்பல் சுமார் இரண்டு மணி நேரம், நல்ல வழி. மாஃபியாவுக்கு நியாமிசாட்டியிலிருந்து படகு இருக்கிறது. நியாமிசாட்டி வரை தரைவழிப் பயணம், பிறகு கடலில் நான்கு மணி நேரம் அளவு. செலவு குறைவுதான், ஆனால் 10 நாள் பயணத்தில், குழந்தையோடு, வேண்டாம்.

#10 வாழையிலை

சைவம் பற்றி. சான்சிபார் ஸ்டோன் டவுனில் கவலையே இல்லை, குஜராத்திக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கும் ஊர், இந்திய உணவகங்கள் உண்டு. உரோஜோ என்று புளிப்பும் மாங்காயும் சேர்த்த குழம்பில் பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் போட்டுத் தருவார்கள். மேலே இறைச்சித் துண்டு போடாமல் கேட்க வேண்டும்.

மாஃபியாவில் மீன்தான் எல்லாம். வேகத் தொடங்கிய பிறகு சொன்னால் சோறும் முட்டைக்கோசும்தான் வரும். விடுதி பதியும்போதே எழுதுங்கள், போனதும் சமையல்காரரிடம் நேரில் சொல்லுங்கள்: "சிலி ந்யாமா வலா சமாகி வலா குக்கு." இறைச்சி, மீன், கோழி சாப்பிட மாட்டேன் என்று பொருள். "ந்யாமா இல்லை" என்று மட்டும் சொன்னால் மீன் வரும், மீன் இறைச்சிக் கணக்கில் சேராது. டகா என்ற சின்னக் கருவாடும் கேட்காமலே குழம்பில் விழும்.

கேட்டு வாங்க வேண்டியவை: தேங்காய்ப்பாலில் வெந்த பீன்ஸ் (மஹராகே யா நாசி), ம்ச்சிச்சா என்ற கீரை, மரவள்ளி, வாழைக்காய், சப்பாத்தி. காலைக்கு மண்டாசி, நம் ஊர் போண்டா மாதிரி, லேசான இனிப்பு. நம் நாக்குக்கு ஒத்துப்போகும் சாப்பாடு. ஊறுகாய் ஒரு பொட்டலம் போதும்.

#11 நெய்தல்நிலம்

இவ்வளவு தூரம் போகிறவர்கள் மொசாம்பிக்கின் தோஃபோவை ஏன் பார்க்கவில்லை? சுறாவும் மான்டா திருக்கையும் ஒரே இடத்தில். மடகாஸ்கரின் நோசி பேயும் உண்டு.

#12 பவளத்திட்டு

தோஃபோவில் 2003 வாக்கில் தொடங்கி 2011 வரையான காட்சிப் பதிவுகளை அலசிய ஆய்வில், திமிங்கலச் சுறா காணும் வாய்ப்பு 79 சதவீதமும் பவளத்திட்டு மான்டா 88 சதவீதமும் குறைந்திருந்தன. கரை திறந்த கடல், அலை பெரியது, படகை அலைக்குள் தள்ளி ஏற வேண்டும். குளத்து நீச்சல்காரரையும் பத்து வயதுப் பிள்ளையையும் அங்கே அழைத்துப் போக நான் சொல்ல மாட்டேன். நோசி பேயில் சுறாக் காலம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, ஜனவரி தாமதம்.

அதோடு ஒன்று, மாஃபியாவிலும் எல்லாம் ஒரே மாதத்தில் கிடைக்காது. கூன்முதுகுத் திமிங்கலம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ஜுவானித் தீவில் பச்சை ஆமைக் குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜனவரியில் இவற்றைக் காட்டுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மாலையில் சோலேத் தீவுக்குப் போய்ப் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக எழும்புவதைப் பாருங்கள். மகன் மறக்க மாட்டான்.

பவளம் பற்றியும் சொல்ல வேண்டும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி அங்கே பவளம் வெளிறியது. மீண்ட திட்டுகளும் உண்டு, எலும்புக்கூடாக நிற்பவையும் உண்டு. அதனால்தான் எந்தத் திட்டு என்பதை உள்ளூர் வழிகாட்டியிடம் விட்டுவிட்டு, காலை எங்கே ஊன்றுகிறோம் என்பதை மட்டும் நாம் கவனிக்க வேண்டும். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், பவளத்தின் மேல் நிற்கவே கூடாது.

#13 கரையோரவாசி

எல்லோருக்கும் நன்றி. மாற்றிய திட்டம்:

16 தார் எஸ் சலாம், இரவு அங்கேயே.
17 காலை விமானம் மாஃபியா. பிற்பகல் விரிகுடா.
18 சுறா. 19 கினாசி வாய், மாலை சோலே வௌவால். 20 சுறாவுக்கு இரண்டாம் வாய்ப்பு.
21 காலை மாஃபியாவிலிருந்து தார் வழியாகச் சான்சிபார், நுங்வி மூன்று இரவு. 22 அல்லது 23 ம்னெம்பா.
24 ஸ்டோன் டவுன். அன்று சும்பே தீவு போகலாமா? நான் 20 பிற்பகல் மாஃபியாவில் ஸ்கூபா அறிமுக முக்குளிப்பும் போடலாம் என்று இருக்கிறேன்.
25 மாலை விமானம்.

#14 நீரோட்டம்

20 பிற்பகல் முக்குளிப்பை 19 காலைக்கு மாற்றுங்கள். 21 காலை பறக்கிறீர்கள். ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் போனால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். சிறு விமானம் தாழப் பறந்தாலும் இதே விதி. 20ஆம் தேதி ஏறும் ஓதம் பிற்பகலில் முடிந்துவிடும், தண்ணீரும் இறங்கத் தொடங்கும். 19 காலைதான் இரண்டுக்கும் பொருந்துகிறது.

ம்னெம்பாவுக்கு 22ஆம் தேதி போங்கள். 23, 24இல் ஓதம் உச்சம், பவளத்தை ஒட்டி நீர் இழுக்கும். நுங்வியிலிருந்து ஆறரைக்குக் கிளம்பச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அந்தத் திட்டைச் சுற்றி நாற்பது படகு நிற்கும், நீந்துபவர் தலைக்கும் எஞ்சினுக்கும் இடையே இடமே இருக்காது.

#15 அலையாத்தி

சும்பே தனியார் பராமரிக்கும் காப்பகம், ஏழு குடில்கள்தான். தங்குபவர்கள் நிறைந்தால் பகல் பயணிகளை எடுக்க மாட்டார்கள், நுங்வியில் இருக்கும்போதே எழுதிக் கேளுங்கள். ஸ்கூபா அனுமதி இல்லை, முகமூடியும் குழலும் மட்டும், அதனால்தான் அந்தத் திட்டு அப்படியே இருக்கிறது. இடம் இல்லையென்றால் ஸ்டோன் டவுனுக்கு எதிரே சாங்கூ தீவு. 1919இல் செஷல்ஸிலிருந்து கொண்டுவந்த பேராமைகளின் வழிவந்தவை அங்கே இருக்கின்றன. அரை நாள் போதும்.

ஸ்டோன் டவுனில் தோளும் முழங்காலும் மூடிய உடை. ரமலான் பிப்ரவரி 8 வாக்கில்தான் தொடங்குகிறது, உங்கள் நாட்களில் பகல் உணவுக்குத் தடை இருக்காது. இன்னொன்று, 21ஆம் தேதி தாரில் விமானம் மாறும் இடைவெளியை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் போடுங்கள். மாஃபியாவிலிருந்து அன்றைய முதல் விமானத்தையே பதியுங்கள்.